வந்து சேராத நாலாவது ரீல்

உங்களில் திருச்சிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வண்டி நினைவிருக்கும். சாம்பல் நிற வேன். கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர். பின்கதவைத் திறந்தால் பெட்ரோலும் பழைய ஃபிலிமும் கலந்து காடி மாதிரி ஒரு புளித்த வாசனை. சாயங்காலம் ஊருக்குள் நுழைந்து, பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். இருட்டியதும் படம். டிக்கெட் கிடையாது. அம்மைத் தடுப்பூசி, சிறுசேமிப்பு, குடும்பக் கட்டுப்பாடு, நடுவில் அலுக்காமல் இருக்க ஒரு பக்திப் படத் துண்டு. நீங்கள் எல்லாரும் துணிக்கு முன்னால் மணலைக் கூட்டி வைத்து உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். நான் அந்த வண்டியிலேயே வந்து இறங்குகிறவள். மைக்கில் பேசியவர் என் அப்பா.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உட்கார்ந்தே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த வண்டியில் போய்வந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான். சொல்ல வேறு ஆள் இல்லை.

அம்மா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். பாதி நாட்கள் அவளுக்கு மத்தியான டியூட்டி. வீட்டுக்கு வர ஒன்பதுக்கு மேல் ஆகும். பாலக்கரையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. ஒன்பது வயதுப் பெண்ணைத் தனியாக விட்டுப் போக அப்பாவுக்கு மனம் வராது. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவருடைய அரசாங்கப் பிரசார ஆபீசுக்குப் போய்விடுவேன். வேன் கிளம்பும்போது எனக்கும் ஓர் இடம். டிரைவர்தான் படம் ஓட்டும் மிஷினையும் பார்த்துக்கொள்வார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஃபிலிம் டப்பாக்களின்மேல் சாக்கு விரித்து என்னை உட்காரவைப்பார். மேடுபள்ளத்தில் தகரம் தகரத்தோடு இடித்துக்கொள்ளும் சத்தம் இன்னும் என் இடுப்பெலும்பில் இருக்கிறது.

அந்த நாளில் வந்த படங்கள் பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அப்பா தமிழில் கதை சொல்வார். சும்மா பேசும்போது அவர் குரல் ஒன்றும் விசேஷமாக இருக்காது. மைக்கில் ஒரு கைக்குட்டையைச் சுற்றி வாயருகே பிடித்தால் வேறு ஆள். இந்தி அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. கோழிப் பண்ணை பற்றிய படம் ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் முட்டைக் கூடையை வைத்துக்கொண்டு ஏதோ பேசுவார்கள். ‘உங்கம்மா வந்தா ரெட்டை முட்டை, எங்கம்மா வந்தா மட்டும் கஞ்சியா?’ என்று அந்த மனைவி கேட்பதாக அப்பா பேசுவார். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாகும். அந்தப் பெண் உண்மையில் என்ன கேட்டாள் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

நான் துணிக்குப் பின்பக்கம்தான் உட்காருவேன். அங்கே கூட்டம் குறைவு. எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். சிப்பாய்கள் இடது கையால் சல்யூட் அடிப்பார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வந்த ஈசல்களின் நிழல் அவர்கள் முகத்தில் ஓடும்.

கிழக்கே, வங்காளத்துப் பக்கம், சண்டை வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்து கார்த்திகையில் வந்தேவிட்டது. உங்களுக்கும் அது தெரியும். லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் ஹெட்லைட்டில் மேல் பாதி கறுப்பு பெயின்ட். டீக்கடை ரேடியோ முன்னால் எந்நேரமும் கூட்டம். எங்கள் கன்னிமாடத்துப் பள்ளிக்கூடத்தில் ஜவான்களுக்காக ஸ்வெட்டர் பின்னச் சொன்னார்கள். திருச்சி வெயிலில் ஸ்வெட்டரைக் கண்ணாலும் பார்த்திராத நாங்கள், கைக்கு எவ்வளவு நீளம் விடுவது என்று தெரியாமல் பின்னினோம்.

அப்போதுதான் ஆபீசின் ஸ்டோர் அறையிலிருந்து பெரிய ஆபீசர் அந்தப் படத்தைத் தோண்டி எடுத்தார். அது வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஜனங்களுக்குக் காட்ட அவர்கள் எடுத்தது. இங்கிலீஷ் படம், கறுப்பு வெள்ளை. மூன்று டப்பா இருந்தது. டப்பாவின்மேல் நாலில் ஒன்று, நாலில் இரண்டு என்று எழுதியிருந்ததால் நாலாவது ஒன்று இருந்திருக்க வேண்டும். அது கிடைக்கவில்லை.

“நாலாவது ரீல் இல்லையே சார்?” என்று அப்பா கேட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“இது ஸ்பை படம்பா. ஒற்றன் ஒருத்தன் ஊருக்குள்ள வர்றான். ஜனங்களே அவனைக் கண்டுபிடிச்சு வளைக்கிறாங்க. மூணாவது ரீலோட வளைச்சாச்சு. அப்புறம் என்ன இருக்கப் போவுது? ஜெய்ஹிந்த் சிலைடைப் போட்டு முடிச்சிரு.”

“இங்கிலீஷ் ஒண்ணும் புடிபடலைங்க. மூக்கால பேசுறாங்க.”

“நீ எப்பவும் போல ஜோடிச்சுப் பேசு. அதான் உனக்குக் கை வந்ததாச்சே.”

ஆபீஸ் சுவரில் ஒருதரம் ஓட்டிப் பார்த்தோம். ஒரு கடலோரக் கிராமம். ஒல்லியான ஆள் ஒருவன் கையில் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிறான். யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான். தினமும் மணலில் உட்கார்ந்து கலங்கரை விளக்கத்தை, ரயில் பாலத்தைப் படம் வரைகிறான். ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் அவனை நோட்டம் விடுகிறார். பெரிய மீசை, கணீரென்ற குரல். மூன்றாவது ரீலில் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் ஏறி நின்று ஊரைக் கூட்டிப் பேசுகிறார். ஜனங்கள் லாந்தர் விளக்குகளோடு ஈர மணலில் அந்த வரைகிற ஆளைத் துரத்திச் சுற்றி வளைக்கிறார்கள். அவன் முகம் பெரிதாக வருகிறது. அதோடு ரீல் தீர்ந்து வெள்ளை.

முதல் தடவை அதைப் போட்டது லால்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், ஒரு சனிக்கிழமை. சுற்றிலும் சம்பா பயிர், வாய்க்கால், அதன்மேல் ரயில் போகும் சின்னப் பாலம். அப்படி ஒரு கூட்டத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சண்டைச் செய்தியைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணால் எதையாவது பார்க்கத் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு அன்று சாமி வந்த மாதிரி ஆகிவிட்டது. படகின்மேல் நின்ற வாத்தியாருக்குத் தன்னுடைய நல்ல குரலைக் கொடுத்தார்.

“வாத்தியார் சொல்றாரு, கேட்டுக்கங்க. மக்களே, தூங்கிடாதீங்க. உங்க ஊர்லயும் பாலம் இருக்கு. உங்க ஊருக்கும் ஒருத்தன் வருவான். கும்பிடு போடுவான். குடிக்கத் தண்ணி கேப்பான். மூஞ்சியைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. கையில பென்சிலு, கண்ணெல்லாம் பாலத்துல.”

கடைசி வரியை இன்னொரு தரம் சொன்னார். மூன்றாம் தரம் கூட்டமே சேர்ந்து சொன்னது. ரீல் முடிந்து ஜெய்ஹிந்த் வந்தபோது கைதட்டல் நிற்கவில்லை. திரும்பும் வழியில் டிரைவர் மாமா, “அண்ணே, அந்த வரி எங்கேருந்து வந்துச்சு உங்களுக்கு?” என்று கேட்டார். அப்பாவுக்கே தெரியவில்லை. “தானா வந்துச்சுப்பா” என்றார். கொள்ளிடப் பாலத்தில் வரும்போது அதை ராகம் போட்டு முணுமுணுத்தார். நானும் சேர்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போனபோது அங்கே ஒரே சந்தடி. அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ரோஜா மாலையோடும் ஒரு கூடை லட்டோடும் வந்திருந்தார். அப்பா கழுத்தில் மாலை.

“உங்க படம் போட்டு மறுநாளே எங்க ஊர்ல ஒருத்தனைப் புடிச்சிட்டோங்க” என்றார் தலைவர். “வாய்க்கா கரையில உக்காந்து ரயில் பாலத்தை வரைஞ்சிட்டிருந்தான். யாருடான்னு கேட்டா தமிழே தெரியலை. எங்க பயலுவ சும்மா விடுவானுங்களா? போலீஸ்ல ஒப்படைச்சாச்சு.”

பெரிய ஆபீசர் அப்பாவின் தோளைத் தட்டினார். தலைமை ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதுவதாகச் சொன்னார். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். என் கண்ணுக்கு அவர் அன்று ஜவான்களில் ஒருவர்.

வீட்டுக்கு வந்து மாலையைச் சட்டை மாட்டும் ஆணியில் தொங்கவிட்டோம். வீடெல்லாம் ரோஜா வாசனை. அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் அதைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து வழக்கமான டெட்டால் வாசனை வந்தது.

“என்ன விசேஷம்?”

அப்பா சொன்னார். லட்டை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

“எந்த ஊர்ல?”

ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“ஒல்லியா, கண்ணாடி போட்ட ஆளா?”

“நான் எங்க பாத்தேன்? புடிச்சதா சொன்னாங்க.”

“நான் பாத்தேன்” என்றாள் அம்மா. “எங்க வார்டுலதான் படுத்திருக்காரு. வலது கை ரெண்டா முறிஞ்சிருக்கு. கண்ணாடி ஒடைஞ்சு புருவத்துல கிழிச்சிருக்கு. விலாவுல நாலு பேரு மிதிச்ச தடம்.” அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். “பாய்லர் ஃபேக்டரி இன்ஜினியருங்க அவரு. கைலாசபுரம் குவார்ட்டர்ஸ். ஞாயித்துக்கிழமையானா சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போய்ப் படம் வரையிறது பழக்கமாம். வங்காளி. அவங்க அப்பா அம்மா கிழக்கேருந்து எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்தவங்களாம். எந்த ஜனங்களைக் காப்பாத்தச் சண்டைன்னு நீங்க மைக்குல சொல்றீங்களோ, அந்த ஜனம்.”

நான் ஒரு லட்டில் பாதி தின்றிருந்தேன். மீதியைத் தின்பதா, கீழே வைப்பதா என்று தெரியவில்லை. அப்பா எழுந்துபோய் மாலையை ஆணியிலிருந்து எடுத்தார். பிறகு சந்து முனையில் கட்டியிருந்த மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தார். கூடையை என்ன செய்தார் என்று நினைவில்லை.

மறுநாள் பெரிய ஆபீசரிடம் சொன்னார்.

“தெரியும்பா. போலீஸ்லேருந்து போன் வந்துச்சு. பாவம்தான். ஆனா ஜனங்க எவ்வளவு உஷாரா இருக்காங்க பாத்தியா? அதைத்தான் நாம எடுத்துக்கணும்.”

“அந்தப் படம் இனிமே வேண்டாம் சார்.”

“இப்பதான் வேணும். சண்டை முடிஞ்சப்புறம் போட்டு என்ன பண்றது?”

இன்று எனக்கு அந்த ஆபீசர்மேல் கோபம்கூட வருவதில்லை. அவர் கெட்டவர் இல்லை. எனக்குப் பேனா வாங்கித் தந்தவர். மேலேயிருந்து வந்த உத்தரவு நல்லபடியாக நிறைவேறியதாக அவர் மனதார நம்பினார்.

அப்பா தொடர்ந்து போனார். வேலை அது. ஆனால் அந்த வரியைச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். இரண்டு ஊர் தாண்டி ஒரு மைதானத்தில் வாத்தியார் படகின்மேல் ஏறியதும் அப்பா மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, “அவரு ஏதோ சொல்றாரு, ஜனங்க கேக்குறாங்க” என்று மட்டும் சொன்னார். முன்வரிசையில் இருந்த பையன்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. “கையில பென்சிலு, கண்ணெல்லாம் பாலத்துல” என்று அவர்களே கத்தினார்கள். அந்த ஊருக்கு அப்போதுதான் முதல்முறையாகப் போகிறோம். யார் வாய்வழியாக அது எங்களுக்கு முன்னால் அங்கே போயிற்றோ. துணிக்குப் பின்னால் என் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவரும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். படம் முடிகிறவரை அப்பாவின் குரல் எழும்பவே இல்லை. தொண்டை கட்டிவிட்டது என்று டிரைவர் மாமாவிடம் சொன்னார்.

சண்டை சீக்கிரமே முடிந்தது. பாலக்கரையில் பட்டாசு வெடித்தார்கள். மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பித்திருந்தோம். நான் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தபோது அப்பா பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வெளியே வந்தார். சாமியார் என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். “அரசாங்க வேலையைத்தானே செஞ்சீங்க, அதுல பாவம் ஒண்ணும் இல்லைன்னாரு” என்றார்.

“அப்ப சரி” என்றாள் அம்மா. அந்த ‘சரி’ சரியாக இல்லை. கொஞ்சம் பொறுத்து, “அந்த இன்ஜினியரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க” என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கைலாசபுரத்துக்கு பஸ் ஏறினார். ஒரு பையில் கமலா ஆரஞ்சு. எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாத் தெருவும் ஒரே அகலம். நட்டு வைத்த மரங்கள் என் உயரம்தான் இருந்தன. ஜன்னல் கண்ணாடிகளில் சண்டைக்காக ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை ஆட்கள் தண்ணீர் தொட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை. காய்கறிக்காரியிடமும் பால்காரரிடமும் பேசிப் பழகிய தமிழ் அவருக்குக் கொஞ்சம் வந்தது.

“ஆஸ்பத்திரி சிஸ்டர் வீட்டுக்காரரா? வாங்க, உட்காருங்க” என்றார். அம்மாமேல் அவருக்கு நல்ல பிரியம் என்று தெரிந்தது.

இன்ஜினியர் சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு. புதுக் கண்ணாடி. நான் ஒற்றன் என்று மனதில் வைத்திருந்த ஆளுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் கணக்கு டீச்சர் மாதிரி களைத்த முகம். எனக்கு இடது கையால் ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

அப்பா உட்காரவில்லை. ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்துவிட்டு, “சார், அந்த ஊர்ல படம் போட்டப்ப மைக்குல பேசுனவன் நான்தான்” என்றார். அந்த அம்மாள் புரியாமல் பார்த்தார். அப்பா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மறுபடி சொன்னார். அவருக்கும் கணவருக்கும் இப்போது புரிந்தது. தெருவில் காகிதம் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு இன்ஜினியர் இங்கிலீஷில் மெதுவாக ஒன்று கேட்டார். அடிக்கும்போது அவர்கள் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். ஆஸ்பத்திரியில் தூங்கும்போதும் அது காதில் கேட்டதாம். அதற்கு அர்த்தம் என்ன என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையாம். அவர் அதைச் சொல்லிக் காட்டினார். “கோயிலே பென்ஷிலு, கொண்ணெல்லாம் பாலொத்துலெ.” உச்சரிப்பு வேறு, ஆனால் ஏற்ற இறக்கம் அப்பாவுடையது. அச்சு அசல்.

அப்பா தன் கையை நீட்டினார். “ஹேண்ட்” என்றார். “இன் ஹேண்ட், பென்சில்.” பிறகு கண்ணைத் தொட்டார். “ஐஸ் ஆல்…” ஜன்னல் பக்கம் எங்கோ காட்டினார். “பிரிட்ஜ்.” பக்கத்திலிருந்த பிரம்பு மோடாவில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் லேசாகச் சிரித்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்: “அது உண்மைதானே. நான் பாலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.” சிரித்ததில் விலா வலித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் சமையலறைக்குப் போய் டீ கொண்டுவந்தார். அப்பாவுக்கு முன்னால் கிளாசை வைத்துவிட்டு, “என்ன படம் அது?” என்று கேட்டார்.

பெயர் அப்பாவுக்குத் தெரியாது. கடல், கலங்கரை விளக்கம், வரைகிற ஆள், படகின்மேல் ஏறிப் பேசும் வாத்தியார் என்று சொன்னார். நாலாவது ரீல் இல்லாததையும் சொன்னார். அந்த அம்மாள் முழுதும் கேட்டார்.

“இன்னும் போடுறீங்களா அந்தப் படம்?”

“ஆமாங்க. ஸ்ரீரங்கத்துல ஏகாதசிக் கூட்டத்துக்குப் போடச் சொல்லியிருக்காங்க.”

“தினம் நிறைய ஆளு பாக்குமா?”

“ஆயிரக்கணக்குல வருவாங்க.”

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் ஏதோ வங்காள மொழியில் சொல்ல வாயெடுத்தார். அவர் கணவரின் நல்ல தோளில் கையை வைத்தார்.

“அந்தப் படம் எனக்குத் தெரியும்” என்றார் அப்பாவிடம். “கல்யாணத்துக்கு முன்னால கல்கத்தாவில் பார்த்தது. நீங்க கதை தப்பா சொல்லுது. படம் வரையிற ஆள் ஸ்பை இல்லை. அவன் பையன் கப்பல்ல போய்ச் செத்துப்போச்சு. அதுக்குத்தான் கடலுக்கு வந்து உட்காருது. ஸ்பை யார் தெரியுமா? வாத்தியார். எல்லாரையும் கூட்டி, அவனை அடி, அவனை அடின்னு சொல்லுது இல்லை? அந்த நேரம் யாரும் வாத்தியாரைப் பாக்காது. கடைசி ரீல்ல தெரியும்.”

அப்பாவின் டீயில் ஆடை படிந்தது. அவர் குடிக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வந்தார். “வாத்தியாருக்குத்தான் என் நல்ல குரலைக் குடுத்தேன்” என்று ஒருமுறை சொன்னார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா, தெரியாது.

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பல ஊர்களிலிருந்து வந்த ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிடைத்த இடத்தில் படுத்திருந்தார்கள். அம்மா மண்டபப் படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு காலி இடத்தில் துணி கட்டினோம். ஆற்றுக் காற்றில் துணி உப்பி உப்பி அடங்கியது. அன்று நான் துணிக்கு முன்னால், வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா மைக்கில் கைக்குட்டை சுற்றவில்லை. மூன்று ரீலையும் சாதாரணமாகச் சொல்லி வந்தார். கூட்டம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது ரீல் முடிந்ததும் டிரைவர் மாமா சிலைடை எடுத்தார். அப்பா கையமர்த்தினார்.

“விளக்கை அணைக்காதே. அப்படியே எரியட்டும்.”

“என்னண்ணே, ஃபிலிமே இல்லையே?”

“எரியட்டும்ங்கிறேன்.”

வெறும் வெள்ளைத் துணி. அதில் பூச்சிகளின் நிழல். அப்பா மைக்கில் சொன்னார்: “இதுக்கு மேல ஒரு ரீல் இருக்குங்க. எங்ககிட்ட வந்து சேரலை. அதுல என்ன இருக்குன்னு சொல்றேன்.” அந்த வங்காளி அம்மாள் சொன்னதைச் சொன்னார். செத்துப்போன பையனைப் பற்றி, அவனைத் தேடிக் கடலுக்கு வந்த அப்பனைப் பற்றி, வாத்தியாரைப் பற்றி. குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. “இத்தனை நாளா இதை நான் மாத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன். அதனால ஒருத்தருக்குக் கை போயிடுச்சு” என்று முடித்தார்.

கூட்டத்தில் சலசலப்பு. சிலர் எழுந்து போனார்கள். “சப்புன்னு போச்சேப்பா” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. முன்னால் நாமம் போட்ட பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் கையை உயர்த்திக் கேட்டார்.

“அது கிடக்கட்டும். அவனைப் போட்டு அடிச்சாளே, அவாள்லாம் அப்பறம் என்ன பண்ணினா?”

அதை அந்த அம்மாள் சொல்லவில்லை. அப்பாவும் கேட்டிருக்கவில்லை.

“தெரியலைங்க சாமி” என்றார்.

பெரியவர் தலையாட்டிவிட்டு மேல்வேட்டியை உதறிப் போட்டுக்கொண்டு கோபுரத்தின் பக்கம் நடந்தார்.

விஷயம் ஆபீசுக்குப் போகாமல் இருக்குமா? பெரிய ஆபீசர் சத்தம் போடவில்லை. வெற்றி விழா நேரத்தில் இப்படிச் செய்துவிட்டாயே என்று வருத்தப்பட்டார். அப்பாவை வண்டியிலிருந்து எடுத்து, போஸ்டர் கட்டுகளைப் பிரித்து அடுக்கும் அறைக்கு மாற்றினார். ரிட்டயர் ஆகும்வரை அப்பா அங்கேதான் இருந்தார். பசை வாசனையோடு வீட்டுக்கு வருவார். மைக்கை அவர் மறுபடி தொடவே இல்லை. என் கல்யாணத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோதுகூடக் கைகூப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வண்டிக்கு வேறொருவர் வந்தார். நல்ல குரல் என்று டிரைவர் மாமா சொன்னார். இன்ஜினியருக்குக் கை முழுசாகத் திரும்பவில்லை என்று அம்மா கேள்விப்பட்டாள். ஒன்றிரண்டு வருஷத்தில் அவர்கள் வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார்கள்.

அப்பா போய் வெகுநாள் ஆகிறது. இதை நான் அதிகம் பேசினதில்லை. ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது என்னைப் பார்த்துக்கொள்ள பெங்களூரிலிருந்து மகன் காட்டூரில் என் வீட்டுக்கு வந்திருந்தான். பொழுது போகாமல் அவனிடம் அந்தப் படத்தின் அடையாளங்களைச் சொன்னேன். பெயர் தெரியாத படத்தையும் இப்போது கண்டுபிடித்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் எடுத்துவிட்டான். டிவியில் போட்டுவிட்டு, தனக்கு மீட்டிங் இருக்கிறது என்று உள்ளே போனான்.

அதே கடல். அதே ஒல்லி ஆள். முதல்முறையாக அவர்கள் பேசுவதைக் கேட்டேன். கீழே எழுத்தும் ஓடியதால் எல்லாம் புரிந்தது. வாத்தியார் படகின்மேல் ஏறிப் பேசியது ஏறக்குறைய அப்பா பேசியதுதான். லாந்தர்கள், ஈர மணல், வளைத்துக்கொள்ளும் ஜனங்கள். அந்த முகம் பெரிதாக வந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். படம் மேலே ஓடியது.

வரைகிற ஆள்தான் ஒற்றன். அவனுடைய வர்ணப் பெட்டியின் அடித்தட்டைப் பெயர்த்து உள்ளேயிருந்து ஒரு சின்ன ரேடியோவை எடுக்கிறார்கள். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் தன் நாட்டின் பெயரைச் சொல்கிறான். போலீஸ் அவனைக் கொண்டுபோகிறது. வாத்தியாரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே பாடுகிறது. கோயில் மணி அடிக்கிறது. செத்துப்போன பையன் யாரும் படத்தில் இல்லை.

அந்த அம்மாள் வேறு ஏதாவது படத்தோடு குழப்பிக்கொண்டிருக்கலாம் என்று முதலில் நினைத்துப் பார்த்தேன். அப்படி இருக்காது. தினமும் ஆயிரம் பேருக்கு முன்னால் வாய் திறக்கப் போகும் ஒரு ஆள் அவர் வீட்டு மோடாவில் உட்கார்ந்திருந்தான். புருஷனின் கை பக்கத்தில் கட்டோடு கிடந்தது. அவரால் அந்த நேரத்தில் செய்ய முடிந்தது கதையை மாற்றுவது ஒன்றுதான். டீ ஆறுவதற்குள் செய்து முடித்துவிட்டார். அப்பா அதை நம்பித் தன் வேலையையும் குரலையும் விட்டார். அவருக்கு நஷ்டமா என்று யோசித்தால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாத்திரை போட்டிருந்ததால் யோசிக்கவும் அசதியாக இருந்தது. டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மீட்டிங் முடிந்து மகன் வந்தான்.

“என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? படம் வரையிறவன்தானே ஸ்பை?”

“இல்லடா” என்றேன். “அந்த வாத்தியார்தான்.”